காட்டோரத்துச் சின்னக் கல்லூரிக்கு மகளை அனுப்பலாமா?

டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், அதனால் சுருக்கித் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

மகளுக்கு 17 வயது, 11-ஆம் வகுப்பை முடிக்கப்போகிறாள். மூவாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கிறாள். கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும், ஆனால் சனி ஞாயிறு வந்தால் வீட்டில் நிற்க மாட்டாள். மலையேற்றம், பறவை பார்ப்பது, படகு என்று கிளம்பிவிடுவாள். போன வருடம் குடும்பத்தோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனபோது, சான்டா எலெனா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைச் சுவருக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதன் அடுக்குகளை நோட்டில் வரைந்துகொண்டிருந்தாளாம், தம்பி பசிக்கிறது என்று அழுததுகூட அவள் காதில் விழவில்லையாம். இப்போது அவள் ஒரு பட்டியலை நீட்டுகிறாள்: கார்ல்டன், மிடில்பரி, விட்மன், சுவானீ. நான்குமே பெருநகரத்தை விட்டு விலகி இருக்கிற, மூவாயிரத்துக்கும் குறைவான மாணவர்கள் படிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். நிலவியலும் இலக்கியமும் சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. "யூ.டி. ஆஸ்டினில் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தில்) கம்ப்யூட்டர் சயின்ஸ் கையில் இருக்கும்போது, யாருக்கும் பேர் தெரியாத ஊரில் வருடம் 90,000 டாலர் கட்டி ஓவியமும் பாட்டுமா படிப்பது?" என்கிறார். தமிழ்ப் பள்ளியில் மற்ற பெற்றோர் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று அம்மாவுக்குக் கவலை. தனியாக விட்டால் பாதுகாப்பா, பனியில் என்ன செய்வாள், வேலை கிடைக்குமா என்பதும் இருக்கிறது. கடைசியில் ஒரு பின்குறிப்பு: "நாங்கள் இன்னும் எச்-1பி-யில்தான் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். மகள் 6 வயதில் இங்கே வந்தவள்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பின்குறிப்பாக எழுதிய அந்த இரண்டு வாக்கியங்கள்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானவை. அவற்றைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், தயவுசெய்து அந்தப் பகுதியை மட்டும் கணவரோடு சேர்ந்து இரண்டு முறை படியுங்கள். அதற்கு முன் உங்கள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்க உதவி வருகிறேன். 17 வயதில் ஒரு பாறைச் சுவர் முன்னால் இரண்டு மணி நேரம் தானாக உட்காருகிற பிள்ளையை அடிக்கடி பார்க்க முடிவதில்லை. அவளுடைய பட்டியலும் யாரோ சொல்லிக் கொடுத்த பட்டியல் மாதிரி தெரியவில்லை, தேடிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். அதனால் "இவள் விவரம் தெரியாமல் பேசுகிறாள்" என்ற இடத்திலிருந்து வீட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியமும் பாட்டும் இல்லை

இந்தப் பெயர்தான் நம் வீடுகளில் பாதிச் சண்டைக்குக் காரணம். ஆர்ட்ஸ் என்றதும் நம் ஊர் ஆர்ட்ஸ் காலேஜ் நினைவுக்கு வருகிறது, அங்கே சயின்ஸ் குரூப் கிடைக்காதவர்கள் போவார்கள் என்று ஒரு பழைய எண்ணம். இங்கே அந்தச் சொல்லுக்குள் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல், பொருளாதாரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாமே அடக்கம். ஒரு பாடத்தில் ஆழமாகப் போய்க்கொண்டே மற்ற துறைகளையும் தொட வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பின் அமைப்பு. கார்ல்டனின் நிலவியல் துறைக்கு நாடு முழுக்க நல்ல பெயர் உண்டு.

உங்கள் கணவர் மென்பொருள் துறையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ராபர்ட் நாய்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தெரிந்திருக்கும். ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கியவர்களில் ஒருவர், 1968-இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவர் இளங்கலை படித்தது அயோவா மாநிலத்தில் சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிற கிரின்னல் என்ற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில். டிரான்சிஸ்டர் வந்த புதிதிலேயே அவருடைய இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல் அதைப் பாடமாக நடத்தினார், பையன் அதைப் பிடித்துக்கொண்டான். 1989-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக்கும் அதே கிரின்னலில் படித்தவர்தான். இரண்டு பெயரைச் சொன்னதால் அங்கே போகிற எல்லாரும் அப்படி ஆவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கல்லூரிகளில் அறிவியல் இல்லை என்ற எண்ணம் மட்டும் தவறு.

இதற்குக் காரணம் எளிமையானது. இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதுகலை, பிஎச்.டி. மாணவர்களே கிடையாது. அதனால் பாடம் எடுப்பதும் தாள் திருத்துவதும் பேராசிரியரே, ஆய்வகத்தில் அவருக்குக் கை கொடுக்க இருப்பதும் இளங்கலைப் பிள்ளைகளே. வில்லியம்ஸ் கல்லூரியில் டுடோரியல் என்று ஒரு வகுப்பு முறை உண்டு: இரண்டே மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருத்தி கட்டுரை எழுதி வந்து படிக்க, மற்றவள் அதை அலசுவாள், அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார்கள். தயாராகாமல் போய்ப் பின் பெஞ்சில் ஒளிய வழியே கிடையாது. படிக்கிற ஆசை உள்ள பிள்ளைக்கு இது பெரிய விருந்து, ஆசை இல்லாத பிள்ளைக்குத் தினமும் தண்டனை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன இடத்தில் பாடங்களின் எண்ணிக்கை குறைவு. மேல்நிலைப் பாடம் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும், அந்தப் பருவத்தில் பேராசிரியர் விடுப்பில் போனால் அதுவும் போச்சு. பொறியியல் துறை பெரும்பாலானவற்றில் இல்லை. "மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் பெரிய பல்கலைக்கழகத்தில், இரண்டு பட்டம்" என்ற 3-2 திட்டத்தைச் சில கல்லூரிகள் விளம்பரம் செய்யும். அந்தக் கடைசி இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை தொடரும் என்ற உறுதி பல இடங்களில் கிடையாது, நண்பர்களை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் பாதியில் கைவிடுகிறவர்களும் அதிகம். வேலை விஷயத்திலும் பெரிய நிறுவனங்கள் வரிசையாக வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கிற காட்சியை அங்கே எதிர்பார்க்காதீர்கள். பழைய மாணவர்களுக்கு எழுதி, அறிமுகம் பிடித்து, கோடை வேலையைத் தேடிப் போக வேண்டும். பழைய மாணவர்களும் அன்பாகத்தான் கை கொடுப்பார்கள், ஆனால் கேட்பது இவளாக இருக்க வேண்டும்.

காடு பிடிக்கும் என்பதும், காட்டோரம் குடியிருப்பதும்

சனிக்கிழமை காலை மலையேறிவிட்டு இரவு வீட்டுக்கு வந்து அம்மா கையால் ரசம் சாதம் சாப்பிடுகிற பிள்ளைக்கு வெளியில் சுற்றப் பிடிக்கிறது, சரி. ஆனால் பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கே இருட்டி, வெளியே சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி, மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரை பாதியில் நிற்க, ஊரில் திறந்திருக்கிற கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற நிலையில் அவளுக்கு எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. நான்கு வருடத்தில் அப்படிப்பட்ட செவ்வாய்க்கிழமைகள்தான் அதிகம் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பையன், வடகிழக்கில் ஒரு கல்லூரிக்கு ஆசையாகப் போனான். அக்டோபரில் மேப்பிள் இலையெல்லாம் சிவந்து கிடந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம். முதல் பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். படிப்பில் ஒரு குறையும் இல்லை. கையில் கார் இல்லை, நான்கு நாள் விடுமுறைக்கு விடுதியே காலி, உணவுக்கூடம் மூடல், நண்பர்கள் எல்லாம் பக்கத்து மாநிலத்து வீட்டுக்குப் போய்விட இவன் மட்டும் அறையில் ரொட்டியும் கடலை வெண்ணெயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதையெல்லாம் முன்கூட்டி யாரும் அவனிடம் சொல்லவில்லை, நானும் கேட்கத் தவறினேன். அன்றிலிருந்து விடுமுறை நாள்களில் விடுதி திறந்திருக்குமா என்பது நான் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது.

இன்னொன்று, இந்த நான்கு கல்லூரிகளும் ஒரே மாதிரி இல்லை, "கிராமத்துக் கல்லூரி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. கார்ல்டன் இருக்கிற நார்த்ஃபீல்டு, மினியாபொலிஸ் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான், டாலஸிலிருந்து நேரடி விமானம் கிடைக்கும். வளாகத்தை ஒட்டி 800 ஏக்கருக்கு மேல் காடும் புல்வெளியும் கல்லூரிக்கே சொந்தம், "ஆர்ப்" என்று செல்லமாகச் சொல்வார்கள். அதே ஊரில் செயின்ட் ஓலாஃப் என்று இன்னொரு கல்லூரியும் இருப்பதால் ஊருக்குக் கொஞ்சம் உயிர் உண்டு. அங்கே பத்து வாரப் பருவங்களாக வருடத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், பாடம் வேகமாக ஓடும், ஆனால் நவம்பர் கடைசியில் விட்டால் ஜனவரி தொடக்கத்தில்தான் திரும்ப வகுப்பு. மிடில்பரி, வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே இருக்கிறது, பனிச்சறுக்கு மலை ஒன்றே கல்லூரிக்குச் சொந்தம். பர்லிங்டன் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம், 2022 முதல் நியூயார்க்கிலிருந்து ரயிலும் ஊருக்கே வருகிறது. விட்மன் இருக்கும் வாலா வாலா, வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் கோதுமை வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். அங்கே மேற்கத்திய நிலப்பரப்பையே வகுப்பறையாக்கி ஒரு பருவம் முழுக்க மாணவர்கள் கூடாரம் போட்டுப் பயணம் போகிற திட்டம் ஒன்று உண்டு, உங்கள் மகள் அதை ஏற்கனவே கண்டுபிடித்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் டாலஸிலிருந்து பெரும்பாலும் சியாட்டில் போய் மாறிப் போக வேண்டும். டென்னஸியில் இருக்கிற சுவானீக்கு 13,000 ஏக்கர் நிலம், மலைமேட்டின் உச்சியில், குளிரும் அவ்வளவு மோசமில்லை. அது எபிஸ்கோபல் திருச்சபையோடு தொடர்புடைய கல்லூரி, பழைய தெற்கத்திய பாரம்பரியம் இன்னும் தெரிகிற இடம். அது அவளுக்கு ஒத்துவருமா என்பதை அங்கே நேரில் போய்த்தான் சொல்ல முடியும்.

இவளுடைய பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன்: மெய்ன் மாநிலத்து பௌடின். கடலோரச் சின்ன ஊர், பாஸ்டனிலிருந்து ரயில் உண்டு, முதலாண்டு மாணவர்கள் எல்லாரையும் வகுப்பு தொடங்கும் முன்பே சில நாள் பயணத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வேறு ஒரு பெரிய காரணமும் இருக்கிறது, அது அடுத்து வரும் பகுதிகளில்.

90,000 டாலர் என்ற எண்

அந்த எண் பொய்யில்லை, தங்கும் செலவும் சேர்த்தால் பல இடங்களில் அந்த அளவுக்குத்தான் வருகிறது. ஆனால் அது கடையில் ஒட்டியிருக்கிற விலைச்சீட்டு, எல்லாரும் கட்டுகிற தொகை இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் உங்கள் வருமானத்தைப் போட்டால் ஏறத்தாழ எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டுகிற நெட் பிரைஸ் கால்குலேட்டரை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். இன்று இரவே நீங்களும் கணவரும் உட்கார்ந்து நான்கு கல்லூரிகளுக்கும் போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை. ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மனதில் வைத்துப் போட்டது, உங்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உதவி இரண்டு வகை. குடும்பத்தின் தேவையைப் பார்த்துத் தருவது ஒன்று, மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தருவது இன்னொன்று. மிடில்பரி, வில்லியம்ஸ், பௌடின் போன்றவை முதல் வகையை மட்டுமே தரும், "எங்கள் பிள்ளை முதல் 5 சதவீதம், ஸ்காலர்ஷிப் கொடுங்கள்" என்றால் அங்கே நடக்காது. விட்மன், சுவானீ, கிரின்னல் இரண்டாவது வகையும் தருகிற இடங்கள். நடுத்தரத்துக்குச் சற்று மேலே சம்பாதிக்கிற, ஆனால் வருடம் 90,000 எடுத்து வைக்க முடியாத உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

விண்ணப்பத்தோடு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்று ஒரு படிவம் வரும். ஊரில் இருக்கிற வீடு, மனை எல்லாவற்றையும் கேட்கும். அப்பா பெயரில் இருந்து இன்னும் பாகம் பிரிக்காத சொத்து என்றால் அதையும் விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள், பின்னால் தெரிந்தால் உதவி முழுவதுமே போகும்.

அந்தப் பின்குறிப்பு

இனி எச்-4, அதாவது எச்-1பி-யில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருகிற விசா. உங்கள் மகள் 6 வயதிலிருந்து இங்கேயே வளர்ந்தவள், பள்ளியில் அவளை யாரும் வேறாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லூரி விண்ணப்பத்தில்தான் முதல் முறையாகப் பார்ப்பார்கள். அவளுக்கு அரசின் கல்வி உதவி கிடையாது, ஃபாஃப்சா என்ற அரசு உதவி விண்ணப்பம் வழியாக வருகிற மானியமோ கடனோ எதுவும் இல்லை. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தருவது மட்டும்தான் மிச்சம், அதிலும் பல கல்லூரிகள் எச்-4 பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கின்றன. அந்த வரிசையில் பணம் வேண்டும் என்று கேட்டாலே அனுமதி கிடைக்கிற வாய்ப்பு குறைகிற இடங்கள்தான் அதிகம். வெளிநாட்டு மாணவருக்கும் பண வசதியைப் பார்க்காமல் அனுமதி கொடுத்து, தேவை முழுவதையும் தருகிற கல்லூரிகள் மிகக் குறைவு. பௌடின் 2022-இல் அப்படி மாறியது, ஆம்ஹர்ஸ்ட் அதற்கும் முன்பே. நான் பௌடினைச் சேர்க்கச் சொன்ன பெரிய காரணம் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்றே கேள்வி: எச்-4 விசாவில் அமெரிக்கப் பள்ளியில் படித்த மாணவியை அனுமதிக்கு எந்த வரிசையில் வைப்பீர்கள்? உதவித்தொகைக்கு எந்த வரிசையில்? நான்கு வருடத்துக்குள் கிரீன் கார்டு வந்தால் உதவியை மறுபடி கணக்கிடுவீர்களா? தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் வருடம் உதவி கேட்காதவர் பின்னால் கேட்க முடியாது என்று விதி வைத்திருக்கிற கல்லூரிகளும் உண்டு, அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது 21 வயது. இப்போது 17 என்றால் கல்லூரி மூன்றாம் ஆண்டு வாக்கில் அவள் எச்-4 தகுதியை இழப்பாள், அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எச்-4-இல் இருக்கும் வரை அவள் எங்கேயும் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, கல்லூரி நூலகத்தில்கூட. இந்தச் சின்னக் கல்லூரிகளின் பெரிய பலமே பேராசிரியரோடு சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற கோடை ஆய்வு. நிலவியல் படிக்கிறவளுக்கு அது களப்பணி, வயிற்றுக்குச் சோறு மாதிரி. எனவே முதலாண்டு முடியும்போதே எஃப்-1-க்கு மாறலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். எஃப்-1-இல் பட்டம் முடித்ததும் 12 மாதம் ஓபிடி வேலை அனுமதி, படித்தது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிற பாடம் என்றால் இன்னும் 24 மாதம். நிலவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆங்கில இலக்கியம் இல்லை. இரண்டையும் படிக்கட்டும், ஆனால் பட்டத்தில் நிலவியல் கட்டாயம் இருக்கட்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எஃப்-1-க்கு மாறுவதிலேயே சிக்கல் வரலாம், டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சென்னையில் விசா முத்திரை குத்த வேண்டியிருக்கலாம். இதற்கு நான் வழக்கறிஞர் இல்லை. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பணம் கட்டிப் பேசுங்கள், உங்கள் கணவரின் அலுவலக வழக்கறிஞர் நிறுவனத்துக்காக வேலை செய்பவர், உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும்.

இந்தக் காரணத்தாலேயே எர்லி டிசிஷன் விண்ணப்பத்தில் அவசரப்பட வேண்டாம். நவம்பரில் ஒரே கல்லூரிக்கு "இடம் கிடைத்தால் வருவேன்" என்று கையெழுத்துப் போட்டுத் தருவது அது. உதவித்தொகை போதவில்லை என்றால் விலகலாம், ஆனால் மற்ற கல்லூரிகள் என்ன தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு போய்விடும். எழுத்தில் பதில் வந்து, தொகையும் உங்களால் முடியும் என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

பாதுகாப்பும் தகவலும்

காட்டு மிருகத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள், தாயின் மனசு அப்படித்தான். எனக்கு அதைவிடக் கவலை தருவது வார இறுதிக் குடி. ஊருக்குள் போக வேறு இடமில்லாத வளாகங்களில் அது அதிகமாகவே தெரியும். மது இல்லாத விடுதிப் பகுதி பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். வளாகக் குற்ற விவரங்களை ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும், அது கிளேரி சட்டம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த மருத்துவமனை, யார் கூட்டிப் போவார்கள், மனநல ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். அங்கே படிக்கிற இந்தியப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் உங்கள் மகள் தனியாகப் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இல்லாமல். கடைத்தெருவில் எப்படிப் பார்க்கிறார்கள், சைவச் சாப்பாடு தினமும் பாஸ்தாதானா என்பதையெல்லாம் அவர்கள்தான் உண்மையாகச் சொல்வார்கள்.

ஒரு விஷயத்துக்கு நீங்கள் தயாராக வேண்டும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அவளுடைய மதிப்பெண் விவரம் சட்டப்படி அவளுடையது, பணம் கட்டுவது நீங்களாக இருந்தாலும். ஃபெர்பா என்று பெயர். நீங்கள் போன் செய்து "என் பெண் வகுப்புக்கு வருகிறாளா?" என்று கேட்டால் பொதுவாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அவள் எழுதிக் கொடுத்தால் சொல்லலாம். மருத்துவ விஷயத்துக்கும் 18 வயதானவுடன் இதே கதைதான், அதனால் அவசரத்தில் மருத்துவர் உங்களிடம் பேசுவதற்கான ஒப்புதல் படிவத்தை இந்தக் கோடையிலேயே அவளோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியே மூடிவிட்டால்?

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இயற்கையோடு சேர்ந்த படிப்பு என்று பெயர் வாங்கிய வெர்மான்டின் கிரீன் மவுன்டன் கல்லூரி 2019-இல் மூடியது, 2020-இல் மார்ல்போரோ, 2024-இல் நியூயார்க் மாநிலத்து வெல்ஸ், 2025-இல் விஸ்கான்சினின் நார்த்லேண்டு. எல்லாம் சின்னவை, ஒதுக்குப்புறத்தில் இருந்தவை. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைந்தது, அந்தக் குறைவு இப்போது கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறது. உங்கள் மகள் எழுதிய நான்கும் அந்த ஆபத்து உள்ளவை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பட்டியலை நீட்டும்போது பெரிய தள்ளுபடியோடு யாராவது கூப்பிட்டால், கடந்த ஐந்து வருடமாக முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

யூ.டி. ஆஸ்டின் கையில் இருக்கிறதா?

உங்கள் கணவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய செய்தி. டெக்சஸ் பள்ளியில் முதல் 5 சதவீதம் என்றால் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி, கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் உறுதியில்லை. அது தனிப் போட்டி, முதல் 5 சதவீதப் பிள்ளைகள் பலருக்கு வேறு துறைதான் கிடைக்கிறது. மறுபக்கம், உங்கள் மகளும் யூ.டி.யை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அங்கே இருக்கிற ஜாக்சன் புவி அறிவியல் பள்ளி நிலவியலுக்கு நாட்டிலேயே பெரிய இடங்களில் ஒன்று. பிளான் டூ என்று 1935 முதல் ஒரு திட்டம் நடக்கிறது, பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சிறு வகுப்புகளாக இலக்கியம், தத்துவம், அறிவியல் எல்லாம் சேர்த்துப் படிக்கலாம். ஐம்பதாயிரம் பேருக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரி என்றே சொல்லலாம். செலவும் மிகக் குறைவு, விசா விஷயத்தில் நெருக்கடி வந்தால் வீடு மூன்றரை மணி நேரத்தில். சின்னக் கல்லூரிகளிலிருந்து சரியான தொகை வராவிட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். வந்தால், அவள் கேட்கிற இடத்துக்கே அனுப்புங்கள் என்பேன். கடன் வாங்கித்தான் வட்டிக்கு மேல் வட்டி கட்டிப் படிக்க வைக்க வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல கல்லூரியாக இருந்தாலும் வேண்டாம்; நாளைக்கு அவள் முதுகலை படிக்கப் போகும்போது அந்தக் கடன்தான் காலைக் கட்டும்.

தமிழ்ப் பள்ளியில் கேட்பவர்களுக்குக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, "ஜியாலஜி படிக்கிறாள்" என்று சொல்லுங்கள். அவர்கள் அடுத்த கேள்வி கேட்டால் பிக் பெண்ட் கதையைச் சொல்லுங்கள், எனக்கு எழுதிய மாதிரியே.

இப்போதைக்கு மின்னஞ்சல்களை அனுப்பிவிட்டு, வழக்கறிஞரைப் பாருங்கள். பதில்கள் வந்து, பட்டியலில் எது தேறுகிறது என்று தெரிந்த பிறகு பயணம் போகலாம். கோடையில் போனால் வளாகம் காலியாக, பச்சையாக, அழகாகத்தான் இருக்கும். போவதானால் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஜனவரி பிப்ரவரியில் போங்கள், வகுப்பு நடக்கிற ஒரு வார நாளில், முடிந்தால் அவள் ஒரு இரவு விடுதியில் மாணவி ஒருத்தியோடு தங்கட்டும். நீங்கள் ஊருக்குள் அறை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவியல் வகுப்பில் ஒரு மணி நேரம், உணவுக்கூடத்தில் இரவுச் சாப்பாடு, அப்புறம் இருட்டில் நூலகத்திலிருந்து விடுதிக்குத் தனியாக ஒரு நடை. காலையில் அவளிடம் எதுவும் கேட்காமல் காரை எடுங்கள், அவளாகப் பேசட்டும். நல்ல குளிர்காலக் காலணியை மட்டும் டாலஸில் தேடாதீர்கள், அங்கே போய் இறங்கியதும் வாங்கிக்கொள்ளுங்கள், எது வழுக்காது என்று அந்த ஊர்க் கடைக்காரருக்குத்தான் தெரியும்.